இரவில் உறங்க வழி செய்ய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி ரயில் பாதை 1979-இல் திறக்கப்பட்ட பின் அதன் இருபுறமும் வீடுகள் பெருகிவிட்டன. நாகர்கோவில் வட்டாரத்தில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கும் எங்களுக்குச் சக்கரங்களின் ஓசை நாளடைவில் பழகிவிட்டாலும், நள்ளிரவில் ரயில்வே கேட்டை நெருங்கும் எஞ்சினின் ஊதல் மட்டும் பழகுவதேயில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர, தொட்டிலில் கிடக்கும் குழந்தை வீறிட்டு அழுகிறது.

ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. கேட்டுக்கு முன் ஊதுவது உயிர் காக்கும் விதி. ஆகவே கேட்டுகளுக்குப் பதிலாக மேம்பாலமோ, மழைநீர் தேங்காத (இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது) சுரங்கப்பாதையோ அமைத்தால்தான் ஊதும் தேவையே குறையும். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி அளவு 45 டெசிபல் என 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரையறுக்கின்றன.

அதுவரை, பாதையை நோக்கிய அறையை விட்டுப் பின்னறையில் படுப்பதும், ஜன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைப்பதும் ஓரளவு பயன் தருகின்றன. வேலியோரம் நடும் ஒரு வரிசை மரங்கள் ஓசையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இடைவெளியற்ற கனமான மதில்சுவரே தடுக்கும். இரட்டைப் பாதைப் பணிகளோடு சேர்த்து, வீடுகள் நெருங்கிய இடங்களில் ஒலித்தடுப்புச் சுவர்களையும் கட்டித் தருமாறு ரயில்வே நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்