மிலானில் இருக்கும் மகளுக்கு, மெர்த்தரிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். குளிர் ஆரம்பித்ததும் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை.

உன் ஆபீஸில் பெர்கமோக்காரர் ஒருவர் இருக்கிறார், அந்த ஊர் ஃபுட்பால் அணி அட்டலாண்டா என்றால் உயிரை விடுவார், நீ வேல்ஸில் மெர்த்தர் டிட்வில் என்று நம் ஊர்ப்பெயரைச் சொன்னதும் எழுந்து வந்து கை கொடுத்தார் என்று போனில் சொன்னாய். அதோடு விட்டிருக்கலாம். "எதுக்குப்பா கை கொடுத்தார்?" என்று என்னையே கேட்டாயே, அதுதான் மனசுக்கு ஆறவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதிவிடுகிறேன்.

அவருக்குத் தெரிந்தது 1987. அதை முதலில் சொல்கிறேன். ஆனால் நம் ஊர் ஃபுட்பால் கிளப்பின் கதையில் பெரிய வருடம் அது இல்லை என்பதுதான் என் கட்சி. ஊரில் பாதிப்பேர் இதற்கு என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

அந்த வருடம் வெல்ஷ் கப் இறுதி ஆட்டம் கார்டிஃப் நினியன் பார்க்கில். எதிரே நியூபோர்ட் கவுண்டி. 2-2 என்று சமன் ஆகி, மறு ஆட்டத்தில் மெர்த்தர் 1-0. அந்தக் கோப்பையை ஜெயித்தால் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கப்பில் இடம் உண்டு. வேடிக்கையைப் பார், 1985-ல் பெல்ஜியத்தில் ஹெய்சல் மைதானத்தில் ரசிகர்கள் மோதி உயிர்கள் போன துயரத்துக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்புகளுக்கு ஐரோப்பாவில் தடை. லிவர்பூலும் எவர்ட்டனும் வீட்டில் உட்கார்ந்திருக்கின்றன. நம் கிளப்பும் ஆடுவது இங்கிலாந்தின் லீக்கில்தான், அதுவும் சதர்ன் லீக் மிட்லாண்ட் டிவிஷன், மேலிருந்து எண்ணினால் ஏழாவது படி. ஆனால் கோப்பை வேல்ஸுடையது. அந்தக் கதவு வழியாக உள்ளே போய்விட்டார்கள்.

சீட்டு குலுக்கியதில் அட்டலாண்டா. 1987 செப்டம்பர் 16, நம் ஊர் மைதானமான பெனிடாரன் பார்க். ஆடியவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறவர்கள். எதிரே ஸ்வீடன் நாட்டு கிளென் ஸ்ட்ரோம்பெர்க் போன்றவர்கள். நம் கெவின் ராஜர்ஸ் முதல் கோல், இடைவேளைக்கு முன்பே ப்ரோன்யா சமன் செய்தார், 83-வது நிமிடம் நம் செரி வில்லியம்ஸ். 2-1. நான் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தது தொண்ணூறுகளில், அதனால் நேரில் பார்க்கவில்லை. ஆனால் பிரஷர் பார்க்க வந்து உட்கார்ந்த எத்தனையோ பேர் கையில் பட்டையைச் சுற்றும்போதே அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். 83-வது நிமிடம் வரும்போது பிரஷர் நிச்சயம் ஏறும். கதை முடியட்டும் என்று காத்திருந்து பிறகுதான் அளப்பேன்.

இரண்டு வாரம் கழித்து பெர்கமோவில் கார்லினியும் கன்டரூட்டியும் ஆரம்பத்திலேயே ஆளுக்கு ஒரு கோல் போட்டுவிட்டார்கள். 2-0, மொத்தத்தில் 3-2. நம்மவர்கள் அங்கே ஒரு கோல் அடித்திருந்தால் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். அந்த அட்டலாண்டா பிறகு அரையிறுதி வரை போனது. அப்போது அது இத்தாலியின் இரண்டாவது டிவிஷனில் இருந்த அணி என்பதால் அவர்களுக்கும் அது பெரிய வருடம். பெர்கமோக்காரர் கை கொடுத்தது அதற்குத்தான். இப்போது தெரிந்ததா?

சரி, இனி அவருக்குத் தெரியாதது.

நீ சின்ன வயதில் ஓடி விளையாடிய அந்த பெனிடாரன் பார்க்குக்குக் கீழே ரோமானியர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. பெர்கமோக்காரரிடம் இதைச் சொல், சந்தோஷப்படுவார். அதே பெயர் கொண்ட பெனிடாரன் இரும்பாலையிலிருந்துதான் 1804-ல் ட்ரெவிதிக் என்ற பொறியாளர் தன் நீராவி எஞ்சினை தண்டவாளத்தில் ஓட்டி, பத்து டன் இரும்பை இழுத்துக்கொண்டு போனார். இரும்பும் நிலக்கரியும் இருந்த வரைக்கும் ஊருக்கு ஓட்டம் இருந்தது. கிளப்பும் அப்படித்தான். முதல் மெர்த்தர் டவுன் கிளப் 1908-ல் ஆரம்பித்து, 1920-ல் இங்கிலாந்தின் பெரிய ஃபுட்பால் லீக்கிலேயே சேர்ந்துவிட்டது. மறுவருடம் மில்வால் வந்தபோது இருபதாயிரத்துக்கும் மேல் கூட்டம்.

அப்புறம் சரிவு. 1922 முதல் 1925 வரை வெளியூரில் 61 லீக் ஆட்டம் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. சோதனையைப் பார். அப்படியும் பஸ்ஸோ ரயிலோ பிடித்து அடுத்த சனிக்கிழமை கிளம்பினார்கள் இல்லையா, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. 1929-30 சீசனில் வாங்கியது 135 கோல், கடைசி இடம். அந்தக் காலத்தில் கடைசியில் வந்த கிளப்பை வைத்துக்கொள்வதா என்று மற்ற கிளப்புகள் ஓட்டுப் போடும். மெர்த்தரை வெளியே அனுப்பிவிட்டு லண்டனிலிருந்து தேம்ஸ் என்ற கிளப்பை எடுத்தார்கள். அது இரண்டே சீசனில் போய்ச் சேர்ந்தது. வேறு கதை. நம் ஊர் டவ்லைஸ் எஃகு ஆலையில் பெரும்பகுதி மூடியதும் அதே 1930-ல்தான். கையில் கூலி இல்லாத ஊரில் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்? 1934-ல் கிளப்பே முடிந்தது.

போர் முடிந்த 1945-ல் மெர்த்தர் டிட்வில் என்ற பெயரில் புதிதாக ஒன்று பிறந்தது. அது பொற்காலம். 1948-லிருந்து 1954-க்குள் ஐந்து தடவை சதர்ன் லீக் பட்டம், 1949-லும் 1951-லும் வெல்ஷ் கப். இவ்வளவு ஜெயித்தும் ஃபுட்பால் லீக் கதவைத் திறக்கவில்லை, மறுபடியும் அதே ஓட்டு முறைதான் காரணம். எழுபதுகளின் ஆரம்பத்தில் ஜான் சார்ல்ஸ் வந்து பயிற்சியாளராக இருந்தார். இத்தாலியின் யுவென்டஸில் ஐந்து வருடத்தில் மூன்று லீக் பட்டம் வாங்கியவர், நடுவரிடம் ஒரு தடவைகூட எச்சரிக்கை வாங்காத மனிதர். உன் ஆபீஸில் யுவென்டஸ்காரர் யாராவது இருந்தால் இதை எடுத்து விடு.

1992-ல் வேல்ஸுக்கென்று தனி லீக் ஆரம்பித்தார்கள். மெர்த்தர் அதில் சேராமல் இங்கிலாந்துப் பக்கமே நின்றது. அதற்கு விலையும் கொடுத்தது. 1995-ல் வெல்ஷ் கப்பிலிருந்து நம்மைப் போன்ற கிளப்புகளை விலக்கினார்கள். அத்தோடு ஐரோப்பாவுக்குப் போகிற வழியும் அடைபட்டது. அது சரியான முடிவா என்று கேட்டால், எனக்கு இன்னும் இரண்டு மனசுதான். இன்றைக்கு இங்கிலாந்து லீக்குகளில் ஆடும் வேல்ஸ் கிளப்புகள் கார்டிஃப், ஸ்வான்சீ, ரெக்ஸம், நியூபோர்ட், மெர்த்தர், இந்த ஐந்துதான்.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். பெரிய வருடம் 2010.

2009-ல் நம் ஊரின் ஹூவர் வாஷிங் மெஷின் தொழிற்சாலை மூடியது உனக்கு நினைவிருக்கும், உன் வகுப்பிலேயே சில வீடுகளில் அப்பாக்களுக்கு வேலை போனது. அடுத்த வருடம் கிளப் கடனில் மூழ்கி கலைக்கப்பட்டது. பெயர் போனது, மைதானம் கையில் இல்லை, லீக்கில் இருந்த இடமும் போய்விட்டது. அப்போது ரசிகர்களே ஒரு அறக்கட்டளையாகச் சேர்ந்து பழைய பெயரில், மெர்த்தர் டவுன் என்று, மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்று படி கீழே தள்ளி வெஸ்டர்ன் லீக் முதல் டிவிஷனில் போட்டார்கள். நம் ஊரில் ஆட முடியாமல் பள்ளத்தாக்கில் கீழே டாஃப்ஸ் வெல் போய் அங்கே 'நம் மைதானம்' என்று ஆடினோம்.

நீ அப்போது ஆரம்பப் பள்ளி. ஒரு சனிக்கிழமை உன்னைக் கூட்டிப்போனேன். சாரல் பக்கவாட்டில் அடிக்கிறது. கயிறு கட்டிய ஓரத்தில், வினிகர் ஊற்றிய சிப்ஸ் பொட்டலத்தைக் கோட்டுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நிற்கிறாய். வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவரே இடைவேளையில் டீ ஊற்றினார், ஆட்டம் முடிந்ததும் கொடிக்கம்பைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனவரும் அவர்தான். "இவருக்கு எவ்ளோ சம்பளம்பா?" என்று கேட்டாய். அவரே திரும்பிப் பார்த்து, மாதாமாதம் நான்தான் கிளப்புக்குக் கட்டுகிறேன் என்றார். அங்கேயே நானும் உறுப்பினர் படிவம் வாங்கிக்கொண்டேன். அம்மாவிடம் கொஞ்ச நாள் கழித்துத்தான் சொன்னேன்.

1987-ல் ஜெயித்தது பதினோரு பேர். மற்றவர்கள் கைதட்டினார்கள், அவ்வளவுதான். 2010-ல் கைதட்டியவர்கள்தான் கிளப்பையே நடத்தினார்கள். என் கணக்கு அது. முதல் சீசனிலேயே பட்டம், 2011-ல் பெனிடாரன் பார்க்குக்குத் திரும்பி வந்து அடுத்த சீசனிலும் பட்டம். 2015-ல் இன்னொரு படி ஏறினார்கள். அதற்குப் பிறகு பத்து வருடம் அதே படியில் நின்று, 2025-ல் சதர்ன் லீக் பிரீமியர் தெற்குப் பிரிவை ஜெயித்து நேஷனல் லீக்குக்குப் போய்விட்டார்கள்.

அதிலும் ஒரு கூத்து. வேல்ஸின் தெற்குக் கோடியில் இருக்கிற நம்மை வடக்குப் பிரிவில் போட்டுவிட்டார்கள்! சவுத் ஷீல்ட்ஸ், டார்லிங்டன் என்று இங்கிலாந்தின் மறு முனைக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஒரு வழிக்கே ஐந்தாறு மணி நேரம். விடியற்காலையில் கிளம்பி, ஆடிவிட்டு, நள்ளிரவில் வந்து சேரும் ஆட்கள் அவர்கள். வெளியூர் ஆட்டத்துக்கு நானும் ஒரு தடவை போகிறேன் என்றேன். உன் அம்மா பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிவிட்டேன்.

இன்னொன்று, நம் கடைத்தெருவில் நீ ஐஸ்கிரீம் சாப்பிட்ட மாதிரி இத்தாலியக் காபிக் கடைகள் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க உண்டு. அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் பார்தி என்ற மலை ஊர். மிலானிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம் என்று நினைக்கிறேன். முடிந்தால் போய்ப் பார்த்துவிட்டு போட்டோ அனுப்பு, இங்கே காட்டினால் எனக்கு ஒரு காபி ஓசியில் கிடைக்கும்.

டிசம்பர் லீவுக்கு எந்தத் தேதி வருகிறாய் என்று சீக்கிரம் சொல். உள்ளூர் ஆட்டம் எது அமைகிறதோ அதற்கு மூன்று டிக்கெட் எடுத்துவிடுகிறேன். அம்மாவும் வருகிறாள், முழங்காலுக்காக இருக்கை உள்ள பக்கம்தான் எடுப்பேன். மிலான் கோட்டு அழகாக இருக்கிறது, ஆனால் பெனிடாரன் காற்றுக்கு அது போதாது. உன் பழைய தடிக் கோட்டை வெளியே எடுத்து வெயிலில் போடச் சொல்லியிருக்கிறேன், வெயில் வரும் நாளில்.

அன்புடன்,
அப்பா