கைப்பிடி றப்பருக்குள் ஒயில் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மோட்டார் சைக்கிளின் கைப்பிடி றப்பரை மாற்ற யாரும் கராஜுக்குப் போவதில்லை. கடையில் ஒரு சோடி வாங்கி வீட்டு முற்றத்திலேயே மாட்டிவிடுகிறோம். அதில் பிழையில்லை, அரை மணித்தியால வேலைதான். றப்பர் இறுக்கமென்று உள்ளே ஒயிலோ கிறீஸோ பூசி ஏற்றுவதுதான் பிழை. ஒயில் காய்வதில்லை. நாளடைவில் றப்பரை ஊத வைத்து இன்னும் தளர்த்தும். இரணைமடுக் குளக்கட்டிலோ கிரவல் வீதியிலோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது உடம்பின் பாரம் இரண்டு கைகளுக்கும் வரும். அந்த நேரம் பார்த்து இடப்பக்க றப்பர் கையோடு கழன்று வந்தால் பிடிக்க வேறொன்றும் இல்லை.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சோடியில் இரண்டும் ஒரே அளவல்ல. நம்மிடம் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் ஹாண்டில் குழாயின் வெளிவிட்டம் 22 மில்லிமீற்றர். வலப்பக்கத்தில் அதன்மேல் அக்சிலேற்றரின் பிளாஸ்டிக் குழல் இருப்பதால், அந்தப் பக்க றப்பரின் துளை ஏறத்தாழ 25 மில்லிமீற்றர். மாறிப்போனால் ஒன்று ஏறவே ஏறாது, மற்றது லொடலொடவென்று ஆடும். ஆடுவதற்குச் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றுவது வைத்தியமல்ல. கடைக்காரரும் பக்கற்றைப் பிரித்துப் பார்க்க விடவேண்டும்.

இடப்பக்கத்துப் பழைய றப்பரைப் பிளேட்டால் நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம், உள்ளே இரும்புதான். வலப்பக்கத்தில் பிளேட் வைக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் விழும் கீறல் பிறகு வெடிப்பாகி, அக்சிலேற்றர் இழுபடத் தொடங்கும். றப்பருக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய ஸ்குறூ டிறைவரைச் செருகி, கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் விட்டுத் திருகினால் வந்துவிடும். ரயர்க் கடையில் காற்றுக் குழாயின் மூக்கை உள்ளே கொடுத்தால் இன்னும் சுகம். றப்பர் பலூன் மாதிரி எழும்பித் தானாகவே வழுகும்.

பழைய பசையைச் சுரண்டித் துடையுங்கள். தின்னர் இரும்புக்கு மட்டும், பிளாஸ்டிக்கில் பட்டால் கரைத்துவிடும். புது றப்பரை ஏற்ற மருந்துக்கடை ஸ்பிரிற்றே போதும். உள்ளே கொஞ்சம் விட்டு ஒருமுறை சுழற்றி, நிற்காமல் ஒரே தள்ளில் கடைசிவரை ஏற்றிவிட வேண்டும். பாதியில் நின்றால் ஸ்பிரிற் ஆவியாகி அங்கேயே பிடித்துக்கொள்ளும். சவர்க்காரத் தண்ணீரில் ஏற்றினால் இரண்டு நாள் காயவிட்டுத்தான் ஓடவேண்டும். உடன் ஒட்டும் பசையை வலப்பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஒரு துளி வழிந்து குழலுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே போனால் அக்சிலேற்றர் திரும்பாது.

வலப்பக்க றப்பரை சுவிச் பெட்டியில் முட்ட விடாதீர்கள், இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். வெளிமுனை மூடிய றப்பரென்றால் அது ஹாண்டில் முனையில் உரசக்கூடாது. முனையில் பாரக்கட்டி உள்ள வண்டிகளில் அங்கேயும் இடைவெளி விடுங்கள்.

பிறகு என்ஜினை நிறுத்தி வைத்து, அக்சிலேற்றரை முழுக்கத் திருகிக் கையை எடுங்கள். ‘டக்’ என்று தானாகத் திரும்ப வேண்டும். ஹாண்டிலை நேரே வைத்தும், இடம் வலம் முழுக்க ஒடித்தும் இதைச் செய்து பாருங்கள். அடுத்து என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, அக்சிலேற்றரைத் தொடாமல் ஹாண்டிலை இரு பக்கமும் ஒடியுங்கள். சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, அதைச் சரிசெய்யாமல் வீதிக்கு இறக்கக்கூடாது. அக்சிலேற்றரைத் திருகும்போது, கேபிள் இழுபடுவதற்கு முன் றப்பரின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை சும்மா அசையும் ஆட்டம் இருப்பது சரி.

கையை எடுத்ததும் அக்சிலேற்றர் மெதுவாகத் திரும்பினால் பெரும்பாலும் குழலுக்குள் புழுதி. சுவிச் பெட்டியின் ஸ்குறூக்களைக் கழற்றிக் குழலை உருவி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அங்கே கிறீஸை அப்பினால் கோடைப் புழுதியோடு சேர்ந்து பசையாகி, முன்பைவிட மோசமாக இழுக்கும்.

அலங்காரத்துக்கு விற்கும் ஸ்பொஞ்ச் உறையைப் பழைய றப்பரின் மேலேயே மாட்டுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தண்ணீரைக் குடித்துக் கொண்டு கைக்குள்ளேயே சுழலும்.

மோட்டார் சைக்கிள் திருத்துநர் ஒருவர்,
மாங்குளம்.