மாஃபியாவின் 'மரியாதை'

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க இத்தாலிய மாஃபியா குழுக்களில் பெரியவர்களுக்குக் கிடைத்த மரியாதையைச் சிலாகித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தென்னித்தாலியில் பாதிரியாருக்கும் நிலக்கிழாருக்கும் வழங்கிய 'டான்' என்ற அடைமொழி குடியேறியவர்களோடு அமெரிக்கா வந்தது என்பது சரியே. ஆனால் குழுவுக்குள் அதிகாரத்தைத் தீர்மானித்தது அந்த அடைமொழியன்று. தலைவர், துணைத் தலைவர், ஆலோசகரான கான்சிலியேரி, அடியாட்களின் அணியை நடத்தும் கப்போ, அடிமட்ட உறுப்பினரான சிப்பாய் என்ற படிநிலைதான். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குப் பணத்தோடு சேர்த்துச் செலுத்தியாக வேண்டிய கப்பமாகவே மரியாதையும் இருந்தது.

செலுத்தத் தவறியவர்களின் கதி நீதிமன்ற ஆவணங்களிலேயே இருக்கிறது. நியூயார்க்கின் காம்பினோ குழுவின் தலைவர் ஜான் காட்டி, தம் குழுவைச் சேர்ந்த லூயி டிபோனோ என்பவர் சாகப்போவதற்குக் காரணம் தான் அழைத்தபோது அவர் வராததுதான் என்று 1989 டிசம்பரில் பேசியதை அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஒலிப்பதிவு செய்தது, மறு ஆண்டு அக்டோபரில் டிபோனோ கொல்லப்பட்டார். மேலே இருப்பவரும் தப்பவில்லை. காட்டிக்கு முன் அக்குழுவின் தலைவராக இருந்த பால் காஸ்டெல்லானோ, தம் துணைத் தலைவர் டெல்லாக்ரோசே 1985 டிசம்பர் 2 அன்று இறந்தபோது அஞ்சலி செலுத்தச் செல்லவில்லை. இரண்டே வாரத்தில் மன்ஹாட்டன் உணவகம் ஒன்றின் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பழைய பகையும் போதைப்பொருள் வழக்கு பற்றிக் காட்டி தரப்புக்கு இருந்த அச்சமும் முதன்மையான காரணங்கள் என்றாலும், துக்கத்துக்கு வராத அவமதிப்பு எதிரிகளின் கைக்கு வாகாகக் கிடைத்தது.

ஜெனோவேசி குழுவின் தலைவர் வின்சென்ட் ஜிகான்டேயின் பெயரை ஆட்கள் உச்சரிக்காமல் தாடையைத் தொட்டுக் காட்டியதைக் கட்டுரையாளர் பக்தியாகக் காண்கிறார். அது ஒட்டுக்கேட்புக் கருவிக்கு அஞ்சிய உத்தி. விசாரணையிலிருந்து தப்பக் குளியலங்கியோடு தெருவில் உளறித் திரிந்தவர் அவர் (கண்ணியமான தலைவருக்கு நல்ல கோலம்தான்!), அந்தப் பைத்தியம் வெறும் நடிப்பு என்பதை 2003-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

விசுவாசத்துக்கு மேலிடம் தந்த பரிசைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. டானி பிராஸ்கோ என்ற பெயரில் ஊடுருவிய எஃப்.பி.ஐ. அதிகாரி ஜோசப் பிஸ்டோனை நம்பி, உறுப்பினராக்கவும் விரும்பிய பொனானோ குழுவின் கப்போ டொமினிக் நெப்போலிடானோ, உண்மை வெளிப்பட்டதும் 1981-இல் தம் குழுவினராலேயே கொல்லப்பட்டார். இந்த வழக்குகளையும் உள்ளடக்கிய தொடர்ச்சி ஒன்றைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்