செயலரின் ஆண்டறிக்கை: இரவு பத்து மணிக்கு நடந்த ஸ்தாபகர் தினம்

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நம் ஒய்.எம்.சி.ஏ. (இளைஞர் கிறிஸ்தவ சங்கம்) கிளையின் அங்கத்தினர் குடும்பத்தாரே, அனைவருக்கும் கிறிஸ்துவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள்.

வாசகசாலை, கேரம், கைப்பந்து, கிறிஸ்துமஸ் கீதப் பவனி எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஜூன் 6 அன்று நடந்த ஸ்தாபகர் தினக் கூட்டத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்தாபகர் தினத்தை ஒவ்வோர் ஆண்டும் மாலை ஆறு மணிக்கே நடத்தி வந்தோம். படத்துக்கு மாலை, ஒரு பாட்டு, ஒரு செய்தி, காபி. சென்ற ஆண்டு நோட்டீஸ் கொடுக்க ஜவுளிக்கடைத் தெருவுக்குப் போனபோது, சேலைப் பிரிவில் நின்ற ஒரு தம்பி கேட்டான்: "சார், ஆறு மணிக்கு வச்சா நாங்க எப்படி வர்றது?" பதில் சொல்ல முடியவில்லை. கடை மூட ஒன்பதரை ஆகிறது. படத்தில் மாலையோடு இருக்கும் நம் சங்கத்தின் ஸ்தாபகர் ஜார்ஜ் வில்லியம்ஸ், அந்தத் தம்பியைப் போலவே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். அவரை நினைவுகூரும் நாளுக்கு அவன் வர முடியாதபடி நேரம் வைத்திருந்தோம். அந்தக் குறை நம்முடையது. செயற்குழுவில் பேசி, இந்த ஆண்டு கூட்டத்தை இரவு பத்து மணிக்கு மாற்றினோம்.

அன்று நான் பேசியதை இங்கே பதிவு செய்கிறேன்.

வில்லியம்ஸ் 1821 அக்டோபர் 11 அன்று, இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் டல்வர்ட்டன் ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எட்டு ஆண்பிள்ளைகளில் கடைக்குட்டி. வைக்கோல் வண்டியைக் குடைசாய்த்துவிட்டார், இவனுக்கு வயல் வேலை சரிப்படாது என்று வீட்டார் பிரிட்ஜ்வாட்டர் ஜவுளிக்கடையில் வேலை பழக விட்டார்கள் என்பார்கள். அந்த ஊர்ச் சபையில்தான் அவருடைய விசுவாசம் உறுதிப்பட்டது. 1841-ல் லண்டன் வந்து, செயின்ட் பால் பேராலயத்தின் பக்கத்திலேயே இருந்த ஹிட்ச்காக் அண்டு ரோஜர்ஸ் கடையில் சேர்ந்தார்.

அங்கே சுமார் 140 சிப்பந்திகள். கடைக்கு மேலேயே தங்க வேண்டும். அந்தக் காலத்து லண்டன் ஜவுளிக்கடைகளில் ஒரு நாள் வேலை பதினான்கு மணி நேரம் வரை நீளும். பல இடங்களில் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்தார்கள். கதவு அடைத்த பிறகு போக இடமில்லாமல் சாராயக்கடைக்குப் போன கிராமத்துப் பையன்கள் ஏராளம். வில்லியம்ஸ் மாடி அறையில் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஜெபிக்கத் தொடங்கினார். 1844 ஜூன் 6 அன்று அந்த அறையில் கூடிய பன்னிரண்டு பேர்தான் நம் சங்கத்தின் தொடக்கம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல் என்று வெவ்வேறு சபைக்காரர்கள். "அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்ற நம் சின்னத்து வசனம் அந்த அறைக்கு அவ்வளவு பொருந்துகிறது.

அன்று தம்பிகளுக்கு மிகவும் பிடித்தது சிப்பி விருந்துக் கதைதான். ஜெபக் கூட்டத்தைக் கேலி செய்துகொண்டே இருந்த ஒரு சக ஊழியருக்குச் சிப்பி என்றால் உயிர் என்று வில்லியம்ஸுக்குத் தெரிய வந்தது. உடனே நண்பர்கள் காசு போட்டு அவருக்குச் சிப்பி விருந்து வைத்தார்கள். விருந்தில் யாரும் உபதேசம் பண்ணவில்லை, சேர்ந்து சாப்பிட்டதோடு சரி. அப்புறம் அவரே தேடி வந்து கூட்டத்தில் உட்கார்ந்தார். நம் இளைஞர் ஊழியத்தில் நோட்டீஸைக் குறைத்து விருந்தைக் கூட்டலாம் என்பது என் கருத்து.

முதலாளி ஹிட்ச்காக்கும் இந்தப் பையன்களால் மனம் மாறி, சங்கத்தின் பொருளாளராகவே ஆனார். 1853-ல் அவர் மகள் ஹெலனை வில்லியம்ஸ் மணந்தார். ஏழு பிள்ளைகள் பிறந்தார்கள். தொழிலில் பங்காளியாகி, 1863-ல் மாமனார் காலமானபின் கடையைத் தானே ஏற்று நடத்தினார். பணம் சேர்ந்த பிறகும் அவர் அந்த மாடி அறையை மறக்கவில்லை. லண்டன் சங்கத்துக்காக எக்சிட்டர் ஹால் கட்டடத்தை வாங்கியபோது 5,000 பவுண்டு கொடுத்தார். 1894-ல் விக்டோரியா ராணி சர் பட்டம் அளித்தார். 1905-ல், எண்பத்து மூன்று வயதில், பாரிஸில் நடந்த உலக ஒய்.எம்.சி.ஏ. பொன்விழாவுக்குத் தளர்ந்த உடம்போடு போய் வந்தார். அதே ஆண்டு நவம்பர் 6 அன்று டார்க்கீ நகரில் காலமானார். இருபது வயதில் எந்தப் பேராலயத்தின் நிழலில் துணி அளந்தாரோ, அதே செயின்ட் பால் பேராலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

சென்னை ஒய்.எம்.சி.ஏ. 1890-ல் டேவிட் மக்கானகி என்ற அமெரிக்கரால் தொடங்கப்பட்டது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் அதன் கட்டடத்துக்குப் பெருங்கொடை தந்த ஜான் வானமேக்கரும் ஃபிலடெல்ஃபியாவின் பெரிய ஜவுளி வியாபாரிதான். நாம் இன்று உட்கார்ந்திருக்கும் நிழல், இப்படிக் கடை நடத்தியவர்கள் போட்டது.

பேசி முடித்ததும் தம்பிகள் பேசினார்கள். அதைத்தான் நான் கூட்டத்தின் முக்கியப் பகுதியாக நினைக்கிறேன். ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழக அரசு கடைகள் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஒரு கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறார்களாம், ஆனால் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறாராம். பாதத்தில் வீக்கம், இரவு தூக்கமின்மை, ஊரில் அம்மாவுக்குப் போன் பேச நேரமில்லாமை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். வந்தவர்களில் கிறிஸ்தவர்கள் பாதிக்கும் குறைவு. ஜெபத்தின்போது எல்லாரும் எழுந்தார்கள். அன்றைக்கு மட்டுமாவது உட்கார்ந்தபடியே இருங்கள் என்று ஆயர் ஐயா கேட்டுக்கொண்டார்.

நம் அங்கத்தினரில் கடை வைத்திருக்கும் அண்ணன்மார் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கடையில் ஸ்டூல் போடுங்கள். உட்காரச் சொல்லி நீங்களே சொல்லுங்கள்.

செயற்குழு எடுத்த தீர்மானம்: வரும் மாதம் முதல் வாசகசாலை இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கும். பின்பக்க அறையில் பாய், குடிநீர், போன் சார்ஜ் போட வசதி செய்யப்படும். வாரத்தில் இரண்டு இரவு பொறுப்பேற்க இன்னும் ஆள் தேவை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை இரவை நான் எடுத்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவின் பணியில்,
செயலர்