பராமரிப்பாளர் இருக்கிறாரா இல்லையா என்று காட்டுங்கள்

பொதித் தேடல் செயலியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலையின் கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியன் எழுதுகிறேன். கணினியில் நிறுவ ஒன்றாகக் கட்டித் தரும் ஒரு மென்பொருள் பொதி யாருடைய கையில் இருக்கிறது, அதாவது அதைத் திருத்திப் புதிய வெளியீடு போடும் பராமரிப்பாளர் யார் என்று பார்க்க உங்கள் இணையச் செயலியைத்தான் நம்பியிருக்கிறோம். அது பராமரிப்பாளரைத் தவறாகக் காட்டுவதுபற்றி முன்பே வழு அறிக்கை போட்டேன். 'பரிசீலனையில்' என்ற குறிப்போடு அது அப்படியே கிடக்கிறது.

போன தவணை வந்த இற்றைப்படுத்தலோடு எங்கள் தமிழ் விசைப்பலகைப் பொதி பழுதாகிவிட்டது. 'கோ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம். சாதாரண தரப் பரீட்சைக்குத் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளைகள் தட்டச்சுப் பழகுகிற நேரம். பெயரிலேயே 'கோ' உள்ள பிள்ளை தன் பெயரை எழுத முடியாமல் அழித்து அழித்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

உங்கள் செயலியில் தேடினேன். பராமரிப்பாளர் பெயர் வந்தது, பக்கத்தில் அவர் இயங்கிக்கொண்டிருக்கிறார் என்று காட்டும் பச்சைப் புள்ளியும் இருந்தது. எழுதினேன். அப்படியொரு முகவரியே இல்லையென்று மின்னஞ்சல் திரும்பி வந்தது. அவர் பெயரிலுள்ள மற்றப் பொதிகளுக்கும் அதே பச்சைதான். கைபேசி டேட்டாவில் மூலக்கோப்புகளை இறக்கி மாற்றக் குறிப்புகளைக் கிளறிய பிறகே விளங்கியது: அவர் அந்தப் பக்கம் வந்தே ஆண்டுக்கணக்காகிறது. பிந்திய வெளியீடுகளைப் போட்டவர் வேறொருவர். அவர் பெயர் உங்கள் செயலியில் எங்குமே இல்லை.

விட்டுப் போனவரில் எனக்குக் கோபமில்லை. சம்பளமில்லாமல் செய்த வேலை, வாழ்க்கை வேறு பக்கம் இழுத்திருக்கும். அவர் போனதை மறைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பச்சைப் புள்ளியில்தான் கோபம்.

நான் கேட்பது இதுதான்: ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் கடைசியாக எப்போது இயங்கினார் என்று போடுங்கள். கைமாறினால் பொதியைப் பாவிப்பவர்களுக்கு அறிவியுங்கள்.

கைமாற்றம் தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2018இல் பல செயலிகள் உள்ளே பாவித்த ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற பொதியை அதன் பழைய பராமரிப்பாளர் முன்பின் அறியாத ஒருவரிடம் கொடுக்க, பிட்காயின் திருடும் நிரல் உள்ளே வந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் பொதியில் மெல்ல மெல்லப் பொறுப்புக்கு வந்தவர் வைத்த பின்கதவு, அதாவது கணினிக்குள் களவாக நுழையும் வழி, 2024 மார்ச்சில் பிடிபட்டது, உள்நுழைவு அரை விநாடி பிந்துகிறதே என்று ஒரு பொறியியலாளர் துருவிப் பார்த்ததால்தான். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஆளில்லாத பொதியை அநாதை என்று வெளிப்படையாகவே அறிவிக்கிறார்கள். ஒரு பொதியில் நடக்கும் மாற்றங்களை எவரும் மின்னஞ்சலில் பெறலாம். செய்ய முடியாத காரியமல்ல.

உங்கள் தேடற்பெட்டியும் எங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. குடும்பப் பெயர் கேட்கிறது. எங்களுக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்தல்லவா முன்னால் நிற்கும்? அதற்குப் பின் புள்ளி வைத்தால் ஒருவர், வைக்காவிட்டால் இன்னொருவர் என்று ஒரே ஆளை இரண்டாக்கி, அவருடைய பொதிகளையும் பிரித்து வைத்திருக்கிறீர்கள். தமிழ் எழுதுபவர்களின் பிரச்சினை என்றாலே எல்லா இடத்திலும் கடைசி வரிசைதான்.

சரி, அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பராமரிப்பாளர் கடைசியாக இயங்கிய அந்தத் திகதியைப் போடுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியற் பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள். ஒரு பொதி ஆளில்லாமல் நிற்கிறதென்று தெரிந்தால் பொறுப்பெடுக்கச் சொல்லி அவர்களிடம் நானே போய்க் கேட்பேன். பச்சைப் புள்ளி இருக்கும்வரை எதைச் சொல்லிக் கேட்பது?

அடுத்த வெளியீட்டிலாவது இதைச் சேர்த்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். சோதித்துப் பார்க்க ஆள் தேவையென்றால் எங்கள் கணினி அறை தயார்.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து ஓர் ஆசிரியன்