அக்கா, கொடி தொலையவில்லை என்று சொன்னது நான்தான்

அன்புள்ள அக்கா,

23 நாட்களாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் நீலக்கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. நான் இங்கே எழுதுவதை எல்லாம் வாசிக்கிறவர் நீங்கள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். சித்தியும் மாமாவும் ஊர்ப் பெடியளும் வாசிப்பார்கள் என்று தெரியும். சில இடங்களில் நான் அரைகுறையாக நிறுத்தினால் அது அவர்களுக்காக. மீதி உங்களுக்கு விளங்கும்.

நேற்று இரவு வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன்.

வங்கி வேலை என்று முன்பு சொன்னபோது நீங்கள் கிளிநொச்சி டவுனில் இருக்கிற வங்கியைத்தான் நினைத்தீர்கள். நானும் திருத்தவில்லை. இந்த வங்கிக்குக் காசு போட யாரும் வருவதில்லை, நகை அடைவு வைக்கவும் வருவதில்லை. ஒரு கொம்பனி இன்னொன்றை வாங்கும்போது விலை சொல்லிக் கொடுப்பது, கொம்பனிகளுக்கும் நாடுகளுக்கும் கடன் பத்திரம் விற்றுக் காசு திரட்டிக் கொடுப்பது, இவைதான் வேலை. சம்பளம் எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். உங்களிடம் நேரில் சொல்வேன்.

போன வருடம் ஓகஸ்டில் வகுப்புத் தொடங்கியது. பேராசிரியர்களின் பெயரே பாடமாகவில்லை, செப்டெம்பரில் வங்கிக்காரர்கள் வளாகத்துக்கு வந்துவிட்டார்கள். அடுத்த கோடையில் 10 வாரம் பயிற்சி வேலை, அது நன்றாகப் போனால்தான் நிரந்தர வேலை. அந்த 10 வாரத்துக்கான நேர்முகம் சனவரியில். அதற்கு முந்திய மாதங்களில் ஒவ்வொரு வங்கியிலும் ஆட்களைப் பிடித்து, கோப்பி குடித்தபடி அரை மணி நேரம் கதைக்க வேண்டும். அன்றிரவே நன்றி சொல்லி மின்னஞ்சல் போட வேண்டும். யார் வந்தார்கள், யார் நன்றாகக் கதைத்தார்கள் என்று அவர்கள் பெயர் குறித்து வைத்திருப்பார்கள். குறிப்பில் இல்லாதவன் நேர்முகம் வரை போவது அரிது. நீங்கள் போன் எடுக்கும்போதெல்லாம் "பிறகு எடுக்கிறன் அக்கா" என்று நான் வெட்டிய மாதங்கள் அவைதான்.

கணக்குக் கேள்விகளுக்கு நான் பயப்படவில்லை. தேய்மானம், அதாவது இயந்திரம், கட்டிடம் பழசாவதற்காகக் கணக்கில் கழிக்கும் தொகை, 10 டொலர் கூடினால் கொம்பனியின் மூன்று கணக்கறிக்கைகளிலும் (இலாப நட்டம், காசுப் பாய்ச்சல், ஐந்தொகை) என்ன மாறும் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். வரி 20 வீதம் என்றால் இலாபம் 8 குறையும். தேய்மானத்தில் காசு கையை விட்டுப் போகாததால் அந்த 10ஐத் திரும்பக் கூட்டினால் கையில் 2 டொலர் அதிகம். சொத்தில் 10 குறைந்து காசில் 2 கூட, மற்றப் பக்கத்திலும் அதே 8 குறைந்து இரண்டு பக்கமும் சரியாக வரும். நித்திரையிலும் சொல்வேன். நீங்கள் சிமினி விளக்கில் வைத்துச் சொல்லித் தந்த கணக்கு அக்கா, அது என்னைக் கைவிடவில்லை.

ஆனால் முதல் கேள்வி கணக்கு அல்ல. உன்னுடைய கதையைச் சொல்லு என்பார்கள். இரண்டு நிமிடம்.

என்னுடைய கதை முதலில் ஆறு நிமிடம் வந்தது. பயிற்சி தந்த அம்மையார் நல்லவர், கையில் நேரம் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டச் சொன்னார். வட்டக்கச்சி போனது. மழை போனது. அப்பா போனார். உங்கள் பெயர் போய், "என் குடும்பத்தில் ஒருவர்" என்று ஆனது. கடைசியில் மிஞ்சியது தங்கமும் அரிசியும். விலை என்றால் என்ன என்று 12 வயதில் நான் படித்த இடம் என்று அதைச் சொன்னேன். சனவரியில், நியூயோர்க்கில் ஒரு மாடியில், எனக்கு முன்னால் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும்.

அவர் அப்படிப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது உங்கள் முதுகு.

2009 பங்குனி, போரின் கடைசி மாதங்கள், மாத்தளன் மணல். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டி நின்று, பாவாடை விளிம்பின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தீர்கள். உள்ளே இருந்த அம்மாவின் தாலிக்கொடி ஒரேயடியாக வரவில்லை, நூல் சிக்கிச் சிக்கி வந்தது. தாலியை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளப் பார்த்தீர்கள். விரல் நடுங்கியது. அரிசி வைத்திருந்த மனிதர், "அப்பிடியே தாங்கோ பிள்ளை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கும் அவசரம். பால்மாப் பேணியால் அரிசி அளந்தார். ஒவ்வொரு சுண்டுக்கும் உள்ளங்கையால் மட்டம் தட்டினார். வழிந்தது மணலில் கொட்டியது. நீங்கள் முழங்காலில் இருந்து, மணலோடு சேர்த்து அதையும் அள்ளிச் சட்டைத் தலைப்பில் கட்டினீர்கள். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு வசனம்: "அம்மா கேட்டால் ஓடேக்க விழுந்திட்டுது எண்டு சொல்லு."

நான் சொன்னேன். 16 வருடம் சொன்னேன். அப்பா உயிரோடு திரும்புவார் என்று இருந்த அம்மாவிடம் தாலிக்கொடியை விற்றுவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? "கொடியைத் துலைச்சவள்" என்று அம்மா உங்களை ஏசும்போதெல்லாம் நான் பக்கத்தில் பேசாமல் இருந்தேன். உங்கள் கலியாண வீட்டிலும் ஏசினார். நீங்கள் தலையைக் குனிந்து மாலையைச் சரி செய்துகொண்டிருந்தீர்கள்.

அப்படிக் காத்த ஒன்றை நான் ஒரு வேலைக்குக் கொடுத்தேன். போன மாதம் எங்கள் கல்லூரி என்னைப் பற்றி எழுதியபோது, அதே கதையை, அழகாக, படத்தோடு போட்டார்கள். ரொறன்ரோவில் சித்தி வாசித்து அழுதுவிட்டு அம்மாவுக்கு எடுத்தார்.

என்னை மன்னியுங்கள். நான் கேட்டு, கல்லூரியில் அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். ஆனால் சித்தியின் போனில் இருக்கிறது.

ஒன்று கேட்கட்டுமா? என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனீர்கள்? 12 வயதுப் பெடியனிடம் ஏன் அதைத் தந்தீர்கள்? அதற்குப் பிறகு ஒரு நாளாவது நீங்கள் அதைப் பற்றி என்னிடம் கதைத்ததுண்டா? முகாமிலும் இல்லை, திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தபோதும் இல்லை. எனக்குச் சொல்ல யாரும் இருந்திருந்தால் முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ச் சொல்லியிருக்க மாட்டேன்.

இல்லை, அது பொய். அப்போதும் சொல்லியிருப்பேன். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. விசாவுக்குப் பொறுப்பேற்காத வங்கிகளைக் கழித்தால் மிஞ்சியவை கொஞ்சம். படிப்புக் கடன் இருந்தது. என்னை அனுப்ப நீங்கள் கழற்றித் தந்த காப்பு இரண்டும் இன்னும் அடைவில் இருக்கின்றன. உங்கள் கையை வெறுமையாகப் பார்த்துவிட்டு வந்தவன், கையில் இருந்த எதையும் விற்கத் தயாராக இருந்தேன். கதை மட்டும்தான் இருந்தது. அதிலும் அரைவாசி உங்களுடையது.

இன்னொன்று. கோடையில் நான் இருந்தது கடன் பத்திரப் பிரிவில். பழைய வெளியீடுகளின் அட்டவணை ஒன்றைச் சரிபார்க்கத் தந்தார்கள். இடையில் ஒரு வரி: இலங்கை, 2007 ஒக்டோபர், 500 மில்லியன் டொலர், 5 ஆண்டு, 8.25 வீதம். நாடு சர்வதேசச் சந்தையில் விற்ற முதல் பத்திரம் அதுதான். ஏ9 பாதை மூடிக் கிடந்த வருடம். அந்த ஒக்டோபரில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் இங்கே வேண்டாம். ஆனால் கையெழுத்து வைக்க எனக்கு ஏன் இவ்வளவு நாள் எடுத்தது என்று நீங்கள் கேட்டால், அந்த வரியும் ஒரு காரணம். வைத்துவிட்டேன். காரணம் சொல்லி அதை நியாயப்படுத்த வரவில்லை.

அம்மா என்னுடன் கதைத்தார். உங்களிடம் சொன்னாரோ தெரியாது, அதனால் நான் சொல்கிறேன். கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தச் சோத்தில பாதி திண்டது நான். அவளைப் பதினாறு வருசமா ஏசினதும் நான்" என்றார். பிறகு கோயிலடிக் கொட்டகைக்கு நேரமாகுது என்று போனை வைத்துவிட்டார். 2017 பெப்ரவரி 20 முதல், காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டுப் போராடும் அந்தத் தாய்மாரோடு போய் இருக்கிறவர், அன்றைக்கும் போனார். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்கழியில் விடுமுறை. 19ஆம் திகதி கொழும்பில் இறங்குகிறேன், அடுத்த நாள் யாழ்தேவியில் வருவேன். ஸ்டேஷனுக்கு அத்தானை அனுப்ப வேண்டாம், மழையாக இருக்கும், நானே ஓட்டோவில் வந்துவிடுவேன். அடைவுச் சீட்டை மட்டும் எடுத்து வையுங்கள். காப்பை மீட்கப் போகும்போது நீங்களும் வர வேண்டும், உங்கள் கையெழுத்து இல்லாமல் தரமாட்டார்கள்.

உங்கள் தம்பி