சர்வோவா, ஹைட்ராலிக்கா? பிரஸ் வாங்கும் முன் பார்க்க வேண்டியது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தகட்டை அழுத்தி வெட்டவும் வடிவமாக்கவும் புது பிரஸ் மெஷின் போட நினைத்து எங்கள் திருவொற்றியூர் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டன் வாங்கலாம்?" என்றுதான். டன்னை, அதாவது பிரஸ் அழுத்தும் பலத்தை, மட்டும் பார்த்தால் போதாது. அந்த டன் ஸ்ட்ரோக்கில், அதாவது பிரஸ் மேலிருந்து கீழே இறங்கும் தூரத்தில், எந்த இடத்தில் கிடைக்கிறது என்று பாருங்கள்.

ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்கில் 100 டன் என்றால் ஸ்ட்ரோக்கின் எந்த இடத்திலும் 100 டன் கிடைக்கும். சர்வோ என்றால் வேகத்தை வேண்டியபடி மாற்றக்கூடிய மோட்டாரில் ஓடுவது. கிராங்க் (மோட்டார் சுற்றுவதை மேலும் கீழும் போகும் அசைவாக மாற்றும் தண்டு) வைத்த சர்வோ பிரஸ்ஸில் கடைசிச் சில மில்லிமீட்டரில்தான் முழு பலம். மேலே போகப் போகக் குறையும். தட்டைத் தகட்டை அழுத்தி எவர்சில்வர் தூக்குச் சட்டியாக இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். தகட்டை உள்ளே தள்ளும் பஞ்ச் கீழே போய்ச் சேர ரொம்ப தூரம் இருக்கும்போதே பலம் தேவைப்படும். அதோடு தகட்டின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் பிடியும் சரியாக இருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் ஓரம் சுருக்கம் விழும், இறுகினால் அடி மூலையில் கிழியும். குஷன் (ஓரத்தைப் பிடிக்க அழுத்தம் கொடுக்கும் அமைப்பு) வைத்த ஹைட்ராலிக்கில் இந்தப் பிடியைத் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். ஆழமாக இழுக்கிற வேலைக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது ஹைட்ராலிக்தான்.

வாஷர், பிராக்கெட் மாதிரி வெட்டும் வேலை என்றால் கதை வேறு. 1 மி.மீ. இரும்புத் தகட்டில் 100 மி.மீ. வட்டம் வெட்ட சுமார் 10 டன் போதும், எண்ணிக்கைதான் முக்கியம். சர்வோவில் ஸ்லைடை (மேலும் கீழும் போகும் பாகத்தை) வேகமாக இறக்கி, தகட்டைத் தொடும்போது மெதுவாக்கி, மறுபடி வேகமாகத் தூக்கலாம். தகடு அறுபடும் நொடியில் வரும் அதிர்ச்சி குறையும், சத்தமும் குறையும், வெட்டும் அச்சான டையின் முனையும் கூடுதல் நாள் தாங்கும். சும்மா நிற்கும்போது கரண்டும் அதிகம் இழுக்காது. சாதாரண ஹைட்ராலிக்கில் வேலை இல்லாத நேரத்திலும் பம்ப் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

விலை சர்வோவுக்குத்தான் அதிகம். பராமரிப்பு இரண்டிலும் உண்டு. மே மாத வெயிலில் ஹைட்ராலிக் ஆயில் 60 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் சீக்கிரம் போய்விடும். எண்ணூர், மணலி பக்கம் உப்புக் காற்றும் தூசியும் அதிகம். அங்கே சர்வோ போட்டால் டிரைவ் பேனலை (மோட்டாரை இயக்கும் மின் பெட்டியை) கதவு இறுக மூடி, தனி ஏசி வைத்துக் காப்பாற்றுங்கள்.

அப்புறம், வரும்போது ஒரு சாம்பிள் பீஸும் டை டிராயிங்கும் எடுத்து வாருங்கள். தகடு என்ன, எத்தனை மி.மீ., ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ் என்றும் குறித்து வாருங்கள். கணக்குப் போட்டுப் பார்த்து, உங்கள் பழைய பிரஸ்ஸே போதும் என்றால் அதையும் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் பிரஸ் சர்வீஸ் கடையினர்,
திருவொற்றியூர்